அபூர்வ கார் என்கிறார்கள், வவுச்சர் எங்கே?

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு ஒரு வழியாக ஓய்ந்தது. இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வர நேரமே கிடைக்கவில்லை. இந்தத் தடவை வட்டி விகிதம், வரிச் சலுகை எதுவும் கிடையாது. பழைய கார்கள். பதிவு கொஞ்சம் நீளம், ஒரு காபியோடு உட்காருங்கள்.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி ஒருவருக்கு காண்டஸா பைத்தியம். இங்கே பெங்களூரில் ஒரு காண்டஸா விற்பனைக்கு வந்திருக்கிறதாம். ஆறு லட்சம் சொல்கிறார்களாம். பர்சனல் லோன் போட்டு வாங்கிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

"சார், இது நம்ம நாட்டு மஸில் கார் சார். இந்த இஞ்சின், இந்தக் கலர், இந்தியா முழுக்கப் பத்து வண்டிகூட இல்லையாம்."

"யார் எண்ணினது தம்பி?"

"விக்கிறவர்தான் சார் சொன்னார்."

இந்த "விக்கிறவர்தான் சொன்னார்" என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பி.காம் படித்தவர்களுக்குத் தணிக்கைப் பாடத்தில் முதலில் மண்டையில் ஏற்றுவது ஒன்றுதான்: வவுச்சர் இல்லாத செலவு செலவே இல்லை. பழைய காருக்கும் அதே விதிதான் என்பது என் கட்சி. அபூர்வம் என்று சொல்பவர் காகிதத்தைக் காட்டட்டும். காகிதம் இல்லாத அபூர்வம் வெறும் வாய்ப்பேச்சு.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்த்துவிடுவோம். இந்தப் பேச்சே அங்கிருந்துதான் வந்தது.

மஸில் கார் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நடுத்தர அளவு காருக்குள் மிகப் பெரிய வி8 இஞ்சினை வைத்து, இளைஞர்கள் எட்டிப் பிடிக்கிற விலையில் விற்பது. 1964ல் வந்த பான்டியாக் ஜிடிஓவைத்தான் பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்வார்கள். அதன் இஞ்சின் 6.4 லிட்டர். நம் மாருதி 800ன் இஞ்சின் 796 சிசி. எட்டு மாருதியை ஒன்றாகக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பையன்கள் ஓட்டித் தேய்த்த அந்த வண்டிகளுக்கு இன்று கோடிகளில் விலை. விலை ஏறினால் போலிகளும் ஏறும் அல்லவா? சாதாரண வண்டியில் பெரிய இஞ்சினையும் புதுப் பட்டையையும் ஒட்டி அபூர்வ மாடல் என்று விற்பவர்கள் அங்கேயும் உண்டு. ஆகவே வாங்குகிறவர்கள் விவரமாகிவிட்டார்கள். 1967க்குப் பிந்தைய ஃபோர்டு வண்டி என்றால், ஃபோர்டு நிறுவனத்தின் உரிமத்தோடு அதன் உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி என்பவரிடம் அறிக்கை வாங்குவார்கள். வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது என்ன இஞ்சின், என்ன கியர், என்ன நிறம், எந்த டீலருக்குப் போனது என்று ஜாதகமே வந்துவிடும். பான்டியாக் வண்டிகளுக்கும் பழைய விற்பனைப் பட்டியலின் நகல் வாங்க வழி இருக்கிறது. நம் ஊரில் வீடு வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கிறோமே, அதே சமாசாரம்தான்.

ஆனால் காகிதம் இருந்தாலும் ஒரு தந்திரம் உண்டு. "இந்த நிறம், இந்த இஞ்சின், கறுப்பு சீட், ரேடியோ கிடையாது, இந்தச் சேர்க்கையில் தயாரானது ஒன்றே ஒன்று" என்று அறிக்கையை நீட்டுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அப்படிப் பிரித்துக்கொண்டே போனால் உலகத்தில் எந்த வண்டியும் ஒன்றே ஒன்றுதான். ஜவுளிக்கடையில் "இந்த பார்டர்ல இந்தக் கலர் இந்த ஒரு புடவைதான்க்கா இருக்கு" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வீட்டுக்கார அம்மணிகளிடம் கேட்டுப் பாருங்கள், இந்த வித்தையை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள் :-)

இன்னொரு விஷயமும் உண்டு. 1969ல் செவ்ரோலே நிறுவனம் கமாரோவில் இசட்எல்1 என்று ஒரு வகையைச் செய்தது. முழு அலுமினியத்தில் ஏழு லிட்டர் இஞ்சின். மொத்தம் 69 வண்டிகள். ஏன் 69தான்? யாராவது திட்டமிட்டு அபூர்வமாக்கினார்களா? கிடையாது. இஞ்சினுக்கான கூடுதல் விலையே 4,000 டாலருக்கு மேல். இல்லினாய் மாநிலத்தில் 50 வண்டிகள் எடுத்த டீலர், விற்க முடியாமல் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இன்று ஏலத்தில் போட்டி போடுகிறார்களே, அன்று அதே வண்டியை வாங்க ஆளில்லை. அபூர்வம் என்பது பல சமயம் அன்றைக்கு விலைபோகாததன் இன்றைய பெயர்.

நிற்க. நம் ஊருக்கு வருவோம்.

காண்டஸாவை ஏன் மஸில் கார் என்கிறார்கள்? நீண்ட முன்பக்கம், அகலமான உடம்பு, நேரே பார்த்தால் மிரட்டும் முகம். எண்பதுகளின் தமிழ்நாட்டில் அது தெருவுக்குள் நுழைந்தால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அர்த்தம். ஆனால் அது அமெரிக்கக் கார் அல்ல. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் 1972ல் கொண்டுவந்த விக்டர் மாடலின் அச்சுகளை வாங்கி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984ல் இங்கே இறக்கிய கார். முதலில் உள்ளே இருந்தது அம்பாசடரின் அதே 1,489 சிசி இஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைசக்தி. பயில்வான் உடம்பு, பள்ளிக்கூடப் பையன் இதயம். பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இஞ்சினும் ஐந்து கியரும் வந்தபிறகுதான் காண்டஸா கிளாசிக் என்று தலைநிமிர்ந்தது. டீசல் வகையும் உண்டு. 2002ல் உற்பத்தி நின்றது.

கணக்கு போடுங்கள். 1984 முதல் 2002 வரை, 18 வருடம் தயாரான கார். தயாரிப்பு எண்ணிக்கையில் இது அபூர்வமே இல்லை. பின்னாளில் அதே இசுசு இஞ்சின் அம்பாசடரிலும் வந்ததால், அம்பாசடர் தெரிந்த மெக்கானிக்குக் காண்டஸாவும் பாதி தெரியும்.

அப்படியானால் காண்டஸாவில் அபூர்வமே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அபூர்வத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்று, குறைவாகச் செய்யப்பட்டது. இரண்டு, நிறையச் செய்யப்பட்டும் குறைவாக மிஞ்சியது. மூன்று, மிஞ்சியவற்றில் செய்தபடியே இருப்பது.

காண்டஸா இரண்டிலும் மூன்றிலும் வரும். பெரும்பாலான காண்டஸாக்கள் வாடகைக்கு ஓடித் தேய்ந்து பேரீச்சம்பழத்துக்குப் போயின. மிஞ்சியவற்றில் பலவற்றுக்கு வேறு இஞ்சின், வேறு சக்கரம், வேறு முகம். வெளியே மினுக்கும் வண்டியைப் பார்த்து மயங்குவதற்கு முன், ஆர்.சி.யில் உள்ள இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் அபூர்வம் இருக்கட்டும், சட்டச் சிக்கலே வரும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இஞ்சின் மாற்றக்கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது.

முதல் வகைக்கு, அதாவது உண்மையிலேயே குறைவாகச் செய்யப்பட்டதற்கு, நம் இரண்டு ஊர்களிலும் ஆளுக்கொரு உதாரணம் இருக்கிறது.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம். ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்தவர்கள். தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் தொழிற்சாலை. 1985ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு காரை இறக்கினார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய வடிவம். இங்கிலாந்தில் அந்தக் காருக்குள் 3.5 லிட்டர் வி8 இஞ்சினும் உண்டு. அந்த வி8 எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் அறுபதுகளின் தொடக்கத்தில் செய்து கைவிட்ட இஞ்சின். அதாவது அசல் அமெரிக்க வி8 இதயம் சென்னைக்கு வருவதற்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. ஆனால் வந்ததோ, நாற்பதுகளில் பிறந்த வான்கார்டு இஞ்சினின் வாரிசு, 1,991 சிசி. அதே குடும்பத்து இஞ்சின்தான் ஃபெர்கூசன் டிராக்டரிலும் ஓடியது. பட்டு வேட்டிக்குள் கோவணம் என்று கிராமத்தில் சொல்வார்கள், வேண்டாம், விடுங்கள். விலையோ அதிகம், குடிப்பதோ அதைவிட அதிகம். மூன்று, நான்கு வருடத்தில் கதை முடிந்தது. அந்த ஆலை நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடி வீடுகளும்.

பெங்களூரில் சிபானி. இந்த ஊருக்கு வந்து குடியேறிய நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இங்கே கார் தயாரானது தெரியும்? எழுபதுகளில் பாதல் என்ற மூன்று சக்கரக் கார். பிறகு 1982ல் டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி அலுமினிய இஞ்சின், இரண்டே கதவு. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் எடை குறைவு, அதனால் விசை அதிகம். எண்பதுகளில் ராலிகளிலும், சென்னைக்கு அருகே சோழவரம் பந்தயங்களிலும் பெரிய உடம்புக்காரர்களை அது திணறடித்தது. என்னைக் கேட்டால் நம் நாட்டு மஸில் கார் என்ற பட்டத்துக்குக் காண்டஸாவைவிட இதற்குத்தான் பொருத்தம் அதிகம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நான்கு பேர் உட்கார, ஏசி போட, எல்லா ஊரிலும் சர்வீஸ் கிடைக்க ஒரு கார் வந்தபின் டால்ஃபின் பக்கம் யார் போவார்கள்? பிறகு நான்கு பக்கக் கதவோடு மோன்டானா என்று முயன்றார்கள். தொண்ணூறுகளில் சிபானியின் கார் தயாரிப்பு அடங்கிப்போனது.

இந்த இரண்டும் கமாரோ இசட்எல்1 மாதிரியே விலைபோகாததால் அபூர்வமானவை. ஆனால் ஒரு வேறுபாடு. இசட்எல்1 மொத்தம் 69 என்று அடித்துச் சொல்ல அங்கே கணக்கு இருக்கிறது. நம் ஊரில் நிறுவனம் மூடினால் ஏடுகளும் பழைய இரும்போடு போய்விடுகின்றன. ஆலையை விற்கும்போது நிலத்தை அளக்கிறோம், இயந்திரத்தை எடை போடுகிறோம், ஏட்டை யாரும் எண்ணுவதில்லை.

ஆர்.டி.ஓ. கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். அதிலும் ஓட்டை. பழைய பதிவுகள் கையெழுத்து ஏடுகளில் இருந்தன. அவை எல்லாம் வாகன் கணினிக்கு ஏறிவிடவில்லை. இன்னொரு பக்கம், வண்டி அழிந்துபோனால் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55வது பிரிவு சொல்கிறது. காயலான்கடைக்குப் போட்ட கையோடு ஆர்.சி.யை ரத்து செய்யப் போன மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? ஆகவே செத்த வண்டி ஏட்டில் உயிரோடு இருக்கும், ஷெட்டில் உயிரோடு இருப்பது ஏட்டில் இருக்காது. பத்து என்று சொன்னாலும் நூறு என்று சொன்னாலும் வவுச்சர் கிடையாது.

இதில் நம்மைப் போல ஊர் மாறி வந்தவர்களுக்குத் தனியாக ஒரு பங்கு உண்டு. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 47வது பிரிவுப்படி புது எண் வாங்க வேண்டும், கர்நாடக வரியும் கட்ட வேண்டும். சட்டம் சட்டம்தான், கட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அப்பா காலத்து எம்டி, டிஎம் என்று தொடங்கும் எண் கேஏ ஆகும்போது, அந்த வண்டி எந்த ஊரில், எந்த வருடம், யார் கையில் பிறந்தது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால் என்ஓசி நகல், பழைய ஆர்.சி. நகல், எண் பலகையோடு ஒரு போட்டோ, மூன்றையும் பத்திரப்படுத்தாமல் மாற்றாதீர்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, பணக் கணக்குக்கு வருவோம், அது இல்லாமல் நான் எப்படிப் பதிவை முடிப்பது?

ஆறு லட்சம் பர்சனல் லோன், 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய். மொத்தம் கட்டுவது 8 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து வருடம் கழித்து அந்த வண்டி எட்டு லட்சத்துக்குப் போனால்தான் கையைக் கடிக்காது. அதற்குள் ரிப்பேர், உதிரி பாகம் தேடி ஜே.சி. ரோடுக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் அலைச்சல், பெங்களூரில் அதை நிறுத்த ஒரு இடம். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் முன்பு மாதிரி இல்லை. 15 வருடம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025ல் 10,000 ஆக்கினார்கள். காப்பீட்டிலும் ஒரு விஷயம். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நாமும் காப்பீட்டு நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். "விக்கிறவர் அபூர்வம்னு சொன்னார்" என்றால் அவர்கள் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

50 வருடம் ஆனால் வின்டேஜ் என்று தனி எண் கிடைக்குமே என்றும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2021 ஜூலையில் வந்த விதி அது. எண்ணில் விஏ என்று எழுத்து வரும், புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், உடம்பு, இஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்குக் கிடையாது. மேலும் முதல் காண்டஸாவே 50 வயதைத் தொட 2034 ஆகும். டால்ஃபினுக்கு 2032. அதுவரை அது சாதாரணப் பழைய கார்தான்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: ஆசைக்கு வாங்குகிறாய் என்றால் சேமிப்பில் வாங்கு, ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்கு ஓட்டிப் போ, சந்தோஷமாக இரு. அந்தச் சந்தோஷத்துக்கு வவுச்சர் வேண்டாம். முதலீடு என்று கடன் வாங்கி வாங்காதே. மனைவியின் நகையை வைத்து வாங்குவதைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. அடகுக்கடைக்காரர் நகையை உரசிப் பார்த்துத்தான் பணம் தருகிறார். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் உரசிப் பார்க்காத ஒன்றில் போடுவது என்ன நியாயம்?

இப்போது இதைப் படிக்கிற உங்களுக்கு. உங்களில் பலருக்கு ஊரில் ஒரு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய ஒரு வண்டி இருக்கலாம். ஹெரால்டோ, பியட்டோ, டால்ஃபினோ. பொங்கலுக்குப் போகும்போது "இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று பேச்சு வரும். போடுவதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். எல்லாப் பழைய வண்டியும் லாட்டரிச் சீட்டு அல்ல, இடத்தை அடைத்துக்கொண்டு துருப்பிடிப்பதற்குப் பதில் போவதே மேல் என்ற வண்டிகளும் உண்டு.

ஆனால் போடுவதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள். வாங்கிய பில், ஆர்.சி. புத்தகம், சர்வீஸ் புத்தகம், வண்டி முன்னால் குடும்பமே நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோ. சேசிஸ் எண் தகட்டை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி போனால் ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்யுங்கள், காகிதத்தை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். எத்தனை ஹெரால்டு, எத்தனை டால்ஃபின் என்று ஒருநாள் யாராவது உட்கார்ந்து எண்ண முயன்றால், ஆலைகளின் ஏடுகள் அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. நம் வீட்டு பீரோக்கள்தான் மிச்சம்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. வங்கியின் கருத்தாக எடுத்துக்கொண்டு யாரும் என் மேலாளருக்குக் கடிதம் போடவேண்டாம் :-) டால்ஃபின் வைத்திருந்த குடும்பம் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். வாங்கிய வருடத்தையும் பில் விலையையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.